எழுநூற்றுப் பதினொன்றாம் பை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம். சாத்தினால் அப்புறம் யார் எழுந்து போய்த் திறப்பது என்று சண்டை வரும். நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று பெருமையடித்தானே ஒருத்தன், அவன் நடுவில் உட்காரட்டும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்த்தவனின் அத்தை மகனுக்கு நடந்தது. இதைச் சொன்னவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. கடன் கேட்டால் மட்டும் சொல்வான்.

ராத்திரி ஒன்று பத்து. ஆஸ்பத்திரிக்குப் போகிற பின்ரோடு. ஒரு பக்கம் மூடிப்போன தொழிற்சாலையின் நீள மதில், இன்னொரு பக்கம் முள்காடு. விளக்குக் கம்பம் பதினான்கு நிற்கிறது, எரிவது ஒன்று... அதுவும் மனது வைத்தால். அந்த ரோட்டில் இந்த அத்தை மகன் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போகிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர். காற்றால் வந்த தண்ணீர் இல்லை.

அவர் அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியன். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் சல்லடை. ரத்தம் கொடுக்கப் பத்துப் பேர் வந்தால் நாலு பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். போன மாதம் காய்ச்சல் வந்ததா, பச்சை குத்தினாயா, யாராவது போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டாயா, புதிதாக யாரோடாவது படுத்தாயா... முகத்தைக்கூட மாற்றாமல் கேட்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணின் பெயரைக் கேட்கும் முன்னால் ரத்தப் பிரிவைக் கேட்டார் என்று ஒரு கேலி உண்டு. சம்பந்தம் தட்டிப்போனது மட்டும் நிஜம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அன்றைக்கு வந்த போன், தங்கை புருஷனிடமிருந்து. "மச்சான், குழந்தை நல்லா இருக்கு. இவளுக்குத்தான் ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க மச்சான்." அம்மா அப்பா போன பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, கட்டிக் கொடுத்து, எல்லாம் செய்தது இவர்தான். அவளுடைய ரத்தம் ஓ நெகடிவ். லேசில் கிடைக்காத ரத்தம். இருந்த கடைசிப் பையைச் சாயங்காலம் ஒரு விபத்துக் கேசுக்கு இவரே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த ரத்த வங்கி மூன்று மணி நேரத் தொலைவு.

மதில் பாதி தாண்டியிருப்பார். ஹெட்லைட்டில் ஒரு பெண் நடந்து போகிறாள். முதுகுதான் தெரிகிறது. செருப்பை இழுத்து நடக்கிற சத்தம்... சரக்... சரக்... இடது கையை முழங்கையில் மடக்கி, வலது கைக் கட்டைவிரலை மடிப்புக்குள் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துவோமே, அந்த மாதிரி.

இந்த நேரத்தில் யார் என்று நினைத்தார், நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டார்.

எரிகிற அந்த ஒரு விளக்குக்குக் கீழே வந்தபோது, முன்னால் ஒரு பெண் நடந்து போகிறாள். இடது கை மடக்கியபடி. சரக்... சரக்...

அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை அங்கே செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் எங்கே பேயைப் பார்ப்பது!

ரத்த வங்கி வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். கூடவே அவர் கம்பெனி டிரைவர். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்த முகம். "இவனும் ஓ நெகடிவ்தான் மச்சான். கம்பெனி கார்டுல போட்டிருந்துச்சு. நான் சொன்னதும் வந்துட்டான்." முதலாளி சொன்னால் வராமல் என்ன செய்வான்!

கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை. ஃபிரிட்ஜின் உறுமல். மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, டிரைவரை மட்டும் உள்ளே கூட்டிப் போய்க் கேள்வி எல்லாம் கேட்டார். ஒன்றுகூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் "இல்ல சார், இல்ல சார்." எடை பார்த்தார், விரலில் குத்திப் பார்த்தார். ஊசி ஏற்றினார். பையை வைத்து ஆட்டுகிற தட்டு ஆட ஆரம்பித்தது. டக்... டக்... பத்து நிமிடத்தில் பை நிறைந்தது. அதன்மேல் ஒட்டிய எண் ஐயாயிரத்து இருநூற்று நாலு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுத்தவர் எழுந்ததும், திரை போட்ட ஒரு மூலைக்குத் தனியாக அனுப்புவார்கள். அங்கே ஒரு பென்சில். பையின் எண் ஒட்டிய ஒரு சீட்டு. அதில் இரண்டு கட்டம். ‘என் ரத்தத்தைப் பயன்படுத்தலாம்.’ ‘என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்.’ ஒன்றில் டிக் போட்டு, சுவரில் இருக்கிற பூட்டிய பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். முதலாளியோடு வந்தவன், மாமனாரோடு வந்தவன், நாலு நண்பர்களோடு வந்தவன்... வெளியே சொல்ல முடியாததை அங்கே சொல்லிவிடலாம். கிருமி புதிதாக உள்ளே போயிருந்தால் சில வாரம் எந்தச் சோதனைக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கும். அதனால்தான் அத்தனை கேள்வி, அதனால்தான் அந்தப் பெட்டி. சீட்டைப் பற்றி அந்த ஆளிடம் திரும்பக் கேட்கவே கூடாது. கேட்டால் அடுத்து எவனும் உண்மையைப் போட மாட்டான்.

அந்த ராத்திரிக்கு ஆறு வருஷம் முன்னால் சல்லடைக்கு அந்தப் பெயர் கிடையாது. அப்போது பெட்டியைச் சனிக்கிழமைதான் திறப்பார். எல்லாச் சீட்டிலும் ‘பயன்படுத்தலாம்’தானே இருக்கும் என்று அலட்சியம். ஒரு சனிக்கிழமை திறந்தார். ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு சீட்டு. எண் எழுநூற்றுப் பதினொன்று. அந்தப் பை புதன்கிழமையே போய்விட்டது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு தையல்காரம்மாவுக்கு ஏற்றியாகிவிட்டது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் சோதித்திருப்பார்கள், மருந்து கொடுத்திருப்பார்கள், பிழைத்திருப்பாள். இவர் என்ன செய்தார் தெரியுமா? தீப்பெட்டியை எடுத்துச் சீட்டைக் கொளுத்தினார். பாவி மனுஷன். வேலை போய்விடும் என்று பயம்.

அந்தம்மா நாலு வருஷம் இருந்தாள். கடைசியில் ஒருநாள் எலும்பும் தோலுமாக ரத்த வங்கிக்கு வந்தாள். கட்டைவிரலில் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியின் நீலம். "எனக்கு அன்னைக்கு ஏத்துன ரத்தம் நல்ல ரத்தம்தானே சார்?" என்று கேட்டாள்.

"எல்லா டெஸ்டும் சரியா இருந்துச்சும்மா" என்றார்.

பொய் இல்லை பாருங்கள். அதுதான் கொடுமை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பதினைந்து நாளில் செத்தும் போனாள். அதற்குப் பிறகுதான் இவர் சல்லடை ஆனார். ஒவ்வொரு பைக்கும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் கொடுக்கவே மாட்டார்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

டிரைவர் திரைக்குப் பின்னால் போனான். சீட்டு விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பெஞ்சில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சல்லடை சோதனைக் கார்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு சொட்டு விட்டார். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் போச்சு. இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

போன் அடித்தது. பிரசவ வார்டு சிஸ்டர். "சார், பிரஷர் இறங்கிட்டே இருக்கு. டாக்டரம்மா திட்டுறாங்க. எப்ப வரும்?"

"பதினஞ்சு நிமிஷம் சிஸ்டர். பதினஞ்சே நிமிஷம்."

"அதுக்குள்ள..." என்று ஆரம்பித்து சிஸ்டர் வைத்துவிட்டார்.

இந்த மாதிரி பதினைந்து நிமிடம் எதிரிக்கும் வரக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்கிறார், கார்டைப் பார்க்கிறார். ஒரு கோடு... ஒரு கோடு... எல்லாவற்றிலும் ஒரே கோடுதான். தங்கையின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார், ஒத்துப்போனது. கும்பிட வேண்டும்போல இருந்தது. பையைக் கையில் எடுத்துவிட்டார். இளஞ்சூடு. கதவுவரை போய்விட்டார்.

அப்போது பின்னால்... டக்... டக்... ஆட்டுகிற தட்டு. பை இல்லாத வெறும் தட்டு, தானாக ஆடுகிறது.

நின்றார். பெட்டியைத் திறக்கவில்லையே!

திரும்பி வந்து சுவிட்சை அணைத்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். காகிதம் கருகிய வாடை குப்பென்று அடித்தது. உள்ளே கையை விட்டார், ஒரு சீட்டு கையில் வந்தது. கட்டத்தைப் பார்த்தார்.

‘பயன்படுத்த வேண்டாம்.’

டிக் அழுத்தமாக விழுந்திருந்தது.

கண்ணாடிக் கதவு வழியாக டிரைவரைப் பார்த்தார். அவன் முதலாளி பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது இவருக்கு. கேட்கவும் கூடாது. ‘தம்பி, நிஜமாவா?’ என்று ஒரே ஒரு வார்த்தை... இரண்டு வருஷமாக எந்த விதியைக் கட்டிக்கொண்டு அழுதாரோ, அதே விதி வாயை அடைத்தது.

மனது என்னென்னவோ சொன்னது. இப்போது பிழைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கார்டு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. யாருக்குத் தெரியும்! தையல்காரம்மாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. பை கையில் இருந்தால் கொடுத்துவிடுவோம் என்று தன்மேலேயே பயம் வந்துவிட்டது. சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். பிளீச்சிங் தண்ணீர் வாளிக்குமேல் பையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வெட்டிவிட்டார்.

ரத்தம் வாளிக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்டு மாப்பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மச்சான்! என்ன பண்றீங்க மச்சான்?"

"பை ஓட்டை மாப்பிள்ளை. கெட்டுப்போச்சு."

"இப்பதானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க? கத்தரிக்கோல் எதுக்கு கையில?"

காரணத்தைச் சொல்ல முடியாது. டிரைவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மாப்பிள்ளை இவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார். அடிக்கப் போகிறார் என்று இவர் நினைத்தார். ஆனால் அந்த மனிதர் அப்படியே சரிந்து காலைப் பிடித்துக்கொண்டு, "குழந்தை இன்னும் அவ முகத்தைக்கூடப் பாக்கல மச்சான்" என்று அழுதார். இவரும் கூட உட்கார்ந்து அழுதார். வேறு வழி தெரியவில்லை. தன் ரத்தத்தை எடுக்கலாம் என்றால் இவருடையது பி. ஒரு சொட்டுக்கூட அவளுக்கு ஆகாது.

போன் அடித்தது. எடுக்கப் பயம். பத்துப் பன்னிரண்டு முறை அடித்த பிறகு எடுத்தார்.

"சார்... ரொம்ப தேங்க்ஸ் சார். பை வந்துடுச்சு. ஏத்திட்டு இருக்கோம்."

"எந்தப் பை?"

"நீங்க குடுத்து விட்டீங்களே சார். ஒரு அம்மா கொண்டு வந்தாங்க."

ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது.

ஓடினார். இரண்டு வராந்தா, ஒரு சாய்தளம். விழுந்து எழுந்து ஓடினார். பிரசவ வார்டில் தங்கை கட்டிலில் கிடந்தாள். உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. பக்கத்துத் தொட்டிலில் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "பிரஷர் ஏறிடுச்சு. ரத்தமும் நின்னுடுச்சு. சரியான நேரத்துல அனுப்புனீங்க" என்றார்.

மேலே கம்பியில் பை தொங்கியது. காலி. குழாயில் கடைசிச் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பிடுங்குவதற்குக்கூட ஒன்றும் மிச்சம் இல்லை.

"யார் கொண்டு வந்தது சிஸ்டர்?"

"தெரியல சார். உங்க ஆளுன்னு நினைச்சேன். ஒல்லியா இருந்தாங்க. அவங்களே அப்பதான் ரத்தம் குடுத்துட்டு வந்த மாதிரி இடது கையை மடக்கியே வச்சிருந்தாங்க. கட்டைவிரல்ல ஏதோ நீலமா..." சிஸ்டர் தன் விரலைத் தேய்த்துக் காட்டினார். "பை ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு சார். கையே மரத்துப்போச்சு."

பையைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்தார். லேபிள் பழுத்த மஞ்சள். தேதி ஈரத்தில் கரைந்திருந்தது. ‘சோதனை சரி’ என்று எழுதி, கீழே கையெழுத்து. அவருடைய கையெழுத்துதான், ஆறு வருஷம் முன்னால் போட்டுக்கொண்டிருந்த மாதிரி, வாலை இழுத்துவிட்டு.

எண் எழுநூற்றுப் பதினொன்று.

அப்போதுதான்... அப்போதுதான் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கட்டத்தை மட்டும்தானே பார்த்தோம் என்று அந்த நொடியில்தான் உறைத்தது. எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனிதர், அவசரத்தில் எண்ணைப் பார்க்கவே இல்லை. சீட்டை விரித்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. தொட்டதும் ஒரு மூலை உதிர்ந்து விழுந்தது.

அதிலும் எழுநூற்றுப் பதினொன்று. எந்தப் பை தங்கைக்கு வரப்போகிறதோ அந்தப் பையை வேண்டாம் என்றுதான் சீட்டு சொல்லியிருக்கிறது. இவர் வெட்டிக் கொட்டியது வேறு பையை.

திரும்பி நடந்து ரத்த வங்கிக்கு வந்தார். மாப்பிள்ளையும் டிரைவரும் வார்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்மூலையில் பலகை இடுக்கில் இன்னொரு சீட்டு செருகி நின்றது. புத்தம் புதுச் சீட்டு. எண் ஐயாயிரத்து இருநூற்று நாலு. டிரைவர் டிக் போட்டிருந்த கட்டம், ‘பயன்படுத்தலாம்.’

தூக்கக் கலக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நல்ல மனுஷன். நல்ல ரத்தம். வாளிக்குள் நுரைத்துக்கொண்டு கிடந்தது.

அந்தம்மா காப்பாற்ற வந்தாளா, பழி வாங்க வந்தாளா... எனக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்த்தவனும் சொல்லவில்லை. சீட்டைப் போட்டதும் அவள், பையைக் கொண்டு போனதும் அவள் என்றால் என்ன கணக்கு இது! அந்தப் பை இல்லையென்றால் தங்கை அன்றைக்கே போயிருப்பாள், அதுவும் நிஜம். தையல்காரம்மாவையும் அன்றைக்குப் பிழைக்க வைத்தது அதே பைதானே.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சல்லடை தங்கையின் வீட்டுக்குப் போய்விடுவார். சத்துக் குறைவு பார்க்கிறேன், சர்க்கரை பார்க்கிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி ரத்தம் எடுப்பார். ஒவ்வொரு முறையும் ஒரே கோடு. ஊரில் உள்ள நல்ல லேபுக்கெல்லாம் அனுப்பிப் பார்த்துவிட்டார். எல்லா இடத்திலும் ஒன்றும் இல்லை என்றுதான் வருகிறது. அவருக்கு மட்டும் முடி கொட்டிப்போய்விட்டது, தூக்கம் போய்விட்டது. அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லப் போகும்போதெல்லாம் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறாராம். ஒரு தடவை கொளுத்திய கை பாருங்கள்.

போன மாதம் போயிருந்தபோது ஊசியை எடுத்ததும் தங்கை கையை மடக்கிக்கொண்டு சொன்னாளாம். "அண்ணா, ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சேன். இவன் பிறந்த அன்னைக்கு ராத்திரி ஒரு அம்மா வந்து என் பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுட்டே இருந்தாங்க. சாக்பீஸ் வாடை அடிச்சுது அவங்க மேல. ‘பயப்படாதம்மா, நாலு வருஷம் இருக்கு’ன்னு சொன்னாங்க. என்ன நாலு வருஷம் அண்ணா? என் ரத்தத்துல ஏதாவது இருக்கா?"

சல்லடை பஞ்சை எடுத்து அவள் கை மடிப்பில் வைத்து அழுத்தினார். வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.

"எல்லா டெஸ்டும் சரியா இருக்கும்மா" என்றார்.

அந்தப் பையனுக்கு வருகிற வியாழக்கிழமை நாலாவது பிறந்தநாள்.